மூன்றாவது கொட்டேஷன்

அக்டோபர் 27, திங்கள்

மழை இல்லை. மில்லுக்கு லீவு போட்டுவிட்டு கலாமணியை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தேன். ஆபரேஷன் நவம்பர் 24 என்று தேதி கொடுத்துவிட்டார்கள். கட்டி இருப்பதால் குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், மூச்சு விடக் கழுத்தில் தனியாக ஒரு வழி வைப்போம் என்றார் டாக்டர். சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. நானும் குழப்பமில்லாமல் குறித்துக்கொண்டேன்.

மூன்று மாதமாகவே அவள் தொண்டை கம்மியிருந்தது. கிரவுண்டில் கத்தினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உடுமலையில் பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடமாக பி.டி. டீச்சர். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அவள் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்த மூலையில் ஓடுகிற பிள்ளை நின்றுவிடும். வீட்டிலும் அதே குரல்தான். எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்பது தெருவுக்கே தெரியும்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுதான், ஆனால் விவரமாகப் பேசினார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் டீச்சர் டைப் பண்ணுனா லேப்டாப் பேசும் சார். இப்பவே ஒரு இருநூறு வாக்கியம் படிச்சுப் பதிவு பண்ணி வெச்சுட்டீங்கன்னா, அவங்க சொந்தக் குரல்லயே பேசும். தினம் பத்துப் பத்தா படிச்சாப் போதும். ஆனா குரல் நாளுக்கு நாள் கம்மியாகும். தள்ளிப் போடாதீங்க."

இருநூறு வாக்கியங்களையும் அச்சிட்டுக் கையில் கொடுத்தார். லேப்டாப்பில் பதிவு செய்தால் நல்லது என்றும், பதினாறு ஜிபி ராம் இருந்தால் அந்த மென்பொருள் திணறாது என்றும் சொன்னார்.

ஆக, ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். இது என் வேலை. மில்லில் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஒரு பேரிங் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கவரில் போட்டு இணைத்த மாதிரிப் பொருள், இத்தனையும் இல்லாமல் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியுமா?

பஸ்ஸில் திரும்பி வருகையில் கலாமணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். நான் ராம், ஹார்ட் டிஸ்க் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 29, புதன்

பட்டியலுக்குக் கட்டம் போட்டாயிற்று. இடப்பக்கம் விவரங்கள்: திரை, எடை, பிராசசர், ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, மைக், ஸ்பீக்கர், விசிறிச் சத்தம், விசைப்பலகை, வாரண்டி. வலப்பக்கம் மூன்று பத்தி. கம்பெனிப் பெயர் போட்டால் மனசு ஒருபக்கம் சாயும் என்பதால் அ, ஆ, இ என்று மட்டும் போட்டிருக்கிறேன். கடைசியில் குறிப்புரைக்கு ஒரு கட்டம்.

பெரிய திரை கேட்டால் எடை கூடுகிறது, எடை குறைந்தால் பேட்டரி குறைகிறது. நடுத்தர அளவில், நம் சக்திக்குள், எல்லாம் ஓரளவு இருக்கிற ஒன்றைப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கிறதாம். மெத்தையிலோ மடியிலோ வைத்தால் சத்தம் அமுங்கிவிடும். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது முக்கியம். ஏன் என்று எழுத வேண்டியதில்லை.

கலாமணி கட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதென்ன டெண்டரா?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

நவம்பர் 1, சனி

பஸ் ஸ்டாண்டு பக்கம் இம்தியாஸ் கடைக்குப் போனோம். நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி. அவருடைய தங்கை கலாமணியிடம் கோகோ ஆடக் கற்றவளாம். "அக்கா, உங்க விசில் சத்தம் எங்க கடை வரைக்கும் கேக்குமே" என்று நாற்காலி இழுத்துப் போட்டார்.

'அ' காட்டினார். திரை பதினைந்து புள்ளி ஆறு இஞ்சு. எட்டு ஜிபி ராம், இன்னொரு எட்டு சேர்த்துக்கொள்ளலாம். எடை ஒன்று புள்ளி எட்டு கிலோ. எத்தனை நேரத்தில் ஆன் ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். கலாமணி கைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தாள். அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"ஆன் யுவர் மார்க்" என்றாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கெட் செட்... கோ!"

இம்தியாஸ் பொத்தானை அமுக்கினார். பத்தொன்பது நொடி. "நூறு மீட்டர்ல இந்தப் புள்ளய செலக்‌ஷனுக்கே எடுக்க மாட்டனுங்க" என்றாள்.

சிரித்தோம். பிறகு இருமல் வந்து அவளால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

மைக்கைச் சோதிக்க எதையாவது படிக்கச் சொன்னேன். ஜெசிந்தா கொடுத்த தாள் வீட்டில் இருந்தது. கையில் இருந்தது என் பட்டியல்தான். அதையே படித்தாள். முடிவில், "போதுமுங்க, வாங்க போலாம்" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. மூன்று எந்திரத்திலும் இதே தாளைத்தான் படிக்க வேண்டும், அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்று பதிவைப் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

விசிறிச் சத்தம் அதிகம். மாவு மில் மாதிரி இரைகிறது. 'அ' கழிந்தது.

நவம்பர் 3, திங்கள்

'ஆ' இன்னும் வந்து சேரவில்லை. இம்தியாஸுக்கு இரண்டு முறை போன் செய்தேன்.

நவம்பர் 5, புதன்

கிருத்திகா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். லேப்டாப் வாங்கியாயிற்றா என்று கேட்டாள். இன்னும் இரண்டு மாடல் பார்க்க வேண்டும் என்றேன்.

"அப்பா, போன்லயே ரெக்கார்ட் பண்ணிடலாம்ப்பா. போன் மைக்கே நல்லாத்தான் இருக்கும். லேப்டாப்ப அப்புறம் மெதுவா வாங்கிக்குங்க."

"அந்தப் பொண்ணு லேப்டாப்புலன்னு சொல்லியிருக்குது. சொன்னதச் சொன்னபடி செய்யோணும்."

"அம்மாட்டக் குடுங்க."

கொடுத்தேன். கலாமணி அடுப்படிக்குள் போய்ப் பேசினாள். "அப்பா வாங்கட்டும் சாமி, வாங்கட்டும்" என்பது மட்டும் காதில் விழுந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அவசரம்.

நவம்பர் 8, சனி

'ஆ' பார்த்தாயிற்று. பதினான்கு இஞ்சு. ஒன்று புள்ளி நான்கு கிலோ, ஒரு கையில் தூக்கலாம். பதினாறு ஜிபி ராம், பலகையோடு ஒட்டியே வருகிறது, கூட்ட முடியாது. ஆன் ஆக ஒன்பது நொடி. கலாமணி இந்த முறை ஆன் யுவர் மார்க் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினாள்.

பட்டியலைப் படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். படித்து முடித்ததும் போன தடவை போலவே "போதுமுங்க, வாங்க போலாம்" என்றாள், வேண்டுமென்றேதான். இம்தியாஸ் சிரித்தார்.

ஸ்பீக்கர் அடிப்பக்கம். ஒரு துணியை மடித்து அதன்மேல் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள் பேசுவது போலிருந்தது. அவள் குரலை அப்படிக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியலில் 'திருப்தியில்லை' என்று எழுதினேன்.

"எல்லாம் சரியா இருக்கறது ஒண்ணு இந்த வெலைக்குக் கெடைக்காதுங்ணா. எதையாச்சும் ஒண்ண விட்டுக் குடுக்கோணும்" என்றார் இம்தியாஸ். கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

நவம்பர் 10, திங்கள்

கலாமணிக்கு இன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மெடிக்கல் லீவில் போகிறாள். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிவிட்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இனி இத ஊத முடியாதில்லீங்க?" என்றாள். மூச்சு கழுத்து வழியாகப் போகும், வாய்க்கு வராது என்று ஜெசிந்தா அன்றைக்கே சொல்லியிருந்தார். அவள் மறுபடி அதைக் கையில் எடுத்து, சட்டென்று ஊதினாள். எதிர்வீட்டு நாய் குரைத்தது. இருவரும் கொஞ்ச நேரம் அந்த நாயைப் பற்றிப் பேசினோம்.

தாளில் உள்ள வாக்கியங்களை ஒரு தடவை வாய்விட்டுப் பழகிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். எதற்கு வீணாகத் தொண்டையை வருத்திக்கொள்கிறாய், எந்திரம் வரட்டும் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

'இ' வந்துவிட்டது. மில்லில் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்பினோம்.

திரை பதினைந்து புள்ளி ஆறு. எடை ஒன்று புள்ளி ஆறு. பதினாறு ஜிபி. ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபி எஸ்எஸ்டி. ஆன் ஆக பத்து நொடி. விசிறி இருக்கிற இடமே தெரியவில்லை. ஸ்பீக்கர் விசைப்பலகைக்கு இரு புறமும் மேல்நோக்கி இருக்கிறது. எழுத்து விசை கொஞ்சம் அழுத்தம் கேட்கிறது. அவள் விரலுக்கு அது பெரிதில்லை. திரை வெயிலில் மங்கும், வீட்டுக்குள் போதும். குறை சொல்லத் தேடிப் பார்த்தேன். இவ்வளவுதான் கிடைத்தது.

கலாமணி பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் கல்லாப் பக்கம் போய் வாரண்டி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் அங்கே வரை எட்டவில்லை. எட்டடி கூட இருக்காது.

இதையே எடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒன்று. மாடல் மூன்று பார்த்தாயிற்று. இந்த மாடலுக்கு விலை ஒரு கடையில்தான் கேட்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் இரண்டு கடைக்கு எழுதினேன். ஒன்று வந்துவிட்டது. மற்றது திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள். நாலு நாள்தானே. திங்கள் சாயங்காலம் வாங்கி, செவ்வாயிலிருந்து தினம் முப்பத்தைந்து வாக்கியம் படித்தால்கூட ஆபரேஷனுக்கு முன்னால் முடிந்துவிடும். கணக்கு சரியாக வருகிறது.

மூன்று பதிவும் ஒரே பென் டிரைவில் இருக்கின்றன. கவரில் போட்டு, 'மாதிரி' என்று எழுதி, பட்டியலோடு பின் அடித்து ஃபைலில் வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மதியம் சாப்பிட்டு எழுந்தபோது கலாமணிக்கு மூச்சு இழுத்தது. விசில் போலச் சத்தம் வந்தது. ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர். நான்கரை மணிக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை.

இனி பேச முடியாது.

நவம்பர் 17, திங்கள்

ஆஸ்பத்திரி. கிருத்திகா காலையில் வந்துவிட்டாள். கலாமணி தூங்குகிறாள். குழாய் வழியாக மூச்சு சீராகப் போகிறது. எழுத எனக்கு நேரம் இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன்.

குழாயை இப்போது எடுக்க முடியாதா, ஒரு வாரத்துக்குப் பேச முடியாதா என்று டாக்டரைக் கேட்டேன். "கட்டி அடைச்சிருக்குதுங்க. காத்து மேல போக வழியே இல்ல. இப்புடியே 24ஆம் தேதி ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

அக்டோபர் 27ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் பதிவு செய்தால் நல்லது என்று ஜெசிந்தா சொன்னதாக எழுதியிருக்கிறேன். அவர் அதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். "போன்லயே செய்யலாம் சார், இன்னிக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுருங்க. லேப்டாப்புல பண்ணுனா இன்னும் நல்லது." இதுதான் அவர் சொன்னது. முதல் பாதி என் காதில் விழுந்தது. நான் எழுதவில்லை. கிருத்திகா சொன்னபோதும் அது எனக்கு ஞாபகம் இருந்தது.

இருபது நாள். தினம் பத்து வாக்கியம் படித்திருந்தால் இருநூறு முடிந்திருக்கும். நான் ராம் ஒட்டியிருக்கிறதா, கழற்ற வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டு வந்தாளே, அதில் ஒரு வார்த்தை எனக்கு நினைவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் அடித்தது. இரண்டாவது கடையிலிருந்து விலை வந்திருந்தது. இம்தியாஸைவிடக் கூடுதல்.

நவம்பர் 18, செவ்வாய்

கலாமணிக்குக் கிருத்திகா ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். அவள் முதலில் எழுதியது: 'கேஸ் சிலிண்டர் ஆஃப் பண்ணீங்களா?'

பண்ணவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னேன்.

கிருத்திகா என்னிடம் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு, "நீங்க பாட்டுக்கு ஒரு வார்த்தை திட்டுனாலாச்சும் நானும் திட்டுவேன். இப்புடி உக்காந்திருந்தா நான் என்னதாம்ப்பா பண்றது?" என்று அழுதாள். நானும் அழுதேன். டீ ஆறிவிட்டது.

நவம்பர் 19, புதன்

ஜெசிந்தா வந்தார். என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"பழைய வீடியோ, வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ், ஏதாவது டீச்சர் குரல் இருக்குமா? சத்தமில்லாத எடத்துல பேசுனதா இருக்கணும்."

தேடினோம். கலாமணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கமே கிடையாது, எதுவானாலும் கூப்பிட்டுப் பேசிவிடுவாள். விளையாட்டு விழா வீடியோக்களில் இருப்பது விசிலும் கைதட்டலும். கிருத்திகாவின் கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்துக்கு நடுவே 'இலையப் போடுங்க' என்று ஒரே ஒரு இடம். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் கேட்ட குரல், எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடப் பதிவுகூட இல்லை.

நாங்கள் இரண்டு போன்களையும் வைத்துத் துழாவுவதைக் கலாமணி படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நோட்டைக் கட்டிலில் தட்டினாள். எழுதியிருந்தாள்:

'ஃபைல்ல உங்க மாதிரி கவர்.'

நவம்பர் 20, வியாழன்

காலை முதல் பஸ்ஸில் உடுமலை போனேன். வீட்டைத் திறந்து ஃபைலை எடுத்தேன். கவர் பின் அடித்தபடியே இருந்தது. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு நேராக இம்தியாஸ் கடைக்குப் போனேன். 'இ' இன்னும் இருந்தது. வேறு ஒருவர் கேட்டும் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், ரிப்பேர் பட்டறைப் பக்கமிருந்த அறையில் என்னை உட்கார வைத்து, எந்திரத்தில் பென் டிரைவைச் சொருகிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

முதல் பதிவு இரண்டு நிமிடம். "திரை. பதினஞ்சு புள்ளி ஆறு இஞ்சு. ராம், எட்டு ஜிபி..." பின்னால் விசிறி இரைகிறது. இரண்டாவதும் இரண்டு நிமிடம்தான். தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. இரண்டின் முடிவிலும் அந்தப் "போதுமுங்க, வாங்க போலாம்."

மூன்றாவது ஏழு நிமிடம் என்று காட்டியது. பட்டியல் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. அதற்கு மேல் பதிவை யாரும் நிறுத்தவில்லை. நான்தான் கல்லாப் பக்கம் வாரண்டி பார்த்துக்கொண்டிருந்தேனே.

இம்தியாஸின் குரல்: "அக்கா, இதையே எடுத்துரச் சொல்லுங்க. இன்னும் எதுக்கு யோசன?"

கலாமணி சிரிக்கிறாள். கம்மிய சிரிப்பு. "அவுரு அப்புடித்தானுங்க தம்பி. என்னையப் பாக்க வர்றதுக்கு முன்னாடி பொள்ளாச்சில ஒரு பொண்ணு, தாராபுரத்துல ஒரு பொண்ணு பாத்துட்டுத்தான் வந்தாரு. நான் மூணாவது கொட்டேஷன்."

"அடப் பாவமே."

"பட்டியல் போட்டுப் பாத்தாரான்னு இன்னி வரைக்கும் நானும் கேக்கல."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு:

"இதுலயும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லித் தள்ளித்தான் போடுவாரு, பாருங்க. லேப்டாப் வாங்கிட்டா அப்புறம் வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆபரேஷன்தான். அதான் இப்புடி எழுதீட்டே இருக்காரு. எழுதறப்போ பயம் தெரியாது அவுருக்கு. நான் வேண்டாமுன்னு சொன்னா ஒடைஞ்சு போயிருவாருங்க தம்பி. போவுது உடுங்க. என்ற கொரலு அவுருக்கு மனப்பாடம்."

அதற்குப் பிறகு இருமல். தண்ணீர். கடைசியில், எட்டடி தள்ளி நின்ற எனக்குக் கேட்கட்டும் என்று இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து:

"ஏனுங்க! போதுமுங்க. வாங்க போலாம்."

அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. இம்தியாஸ் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டார் என்றுதான் ஞாபகம்.

அந்த அறையில் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. 'இ'யை வாங்கிக்கொண்டு வந்தேன். ஃபைலில் இருந்த கோயம்புத்தூர்க் கடை விலைத்தாளைக் கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

மூன்று பதிவும் சேர்த்துப் பதினொரு நிமிடம். ஜெசிந்தா கேட்டுவிட்டு, "குறைஞ்சது அரை மணி நேரமாவது வேணும் சார். ஆனா பெரும்பாலும் சுத்தமா இருக்குது. வர்றது வரட்டும், பார்க்கலாம்" என்றார். மூன்றாவது பதிவைக் கேட்கும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைக் கேட்டதாகக் கலாமணியிடம் சொன்னேன். நோட்டை எடுத்தாள். 'எதைக் கேட்டீங்க?'

"மூணாவது கொட்டேஷன்" என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஏனென்றால் சத்தம் இல்லை. பட்டியலெல்லாம் போடவில்லை என்றேன். உன்னைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வேறு எதுவும் பார்க்க வேண்டாம் என்று. இதை இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 22, சனி

குரல் தயார். எந்திரத்தைக் கட்டிலோடு இருக்கும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தார். கலாமணி இரண்டு விரலால் தட்டுகிறாள். விசை அழுத்தம் கேட்கிறது என்று நான் எழுதியது சரிதான்.

எண்கள் அச்சு அசலாக வருகின்றன. ஜிபி, கிலோ, இஞ்சு எல்லாம் அவளே சொல்வது போல. மற்ற வார்த்தைகள் அப்படியில்லை. 'சாப்பிட்டீங்களா' என்று தட்டினால், எடை ஒன்று புள்ளி ஆறு என்று படித்த அதே ராகத்தில் வருகிறது. கிருத்திகாவின் பெயர் தடுக்கி விழுந்து எழுந்து வருகிறது. "அம்மா என்னைய லேப்டாப் மாதிரியே கூப்பிடறாங்க" என்று சிரித்தாள். அப்புறம் மறுபடி மறுபடி தட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இது அவள் குரலா என்று கேட்டால் ஆமாம் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. கம்மிப் போன கடைசி இரண்டு வாரத்துக் குரல் அது. மைதானத்துக் குரல் போய்விட்டது. அதை நான்தான் போகவிட்டேன். இதைக் குறிப்புரைக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

வெளியே காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே அவளைத் தயார் செய்துவிட்டார்கள். பச்சை அங்கி, தலையில் தொப்பி. தியேட்டருக்கு நடந்தே வருகிறேன், தள்ளுவண்டி வேண்டாம் என்று நர்ஸிடம் எழுதிக் காட்டிவிட்டாள். பி.டி. டீச்சர் அல்லவா.

நான் செய்ததையும் எழுத வேண்டும். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், ரிப்போர்ட்டுகளைக் காட்டி, மறு ஆலோசனைக்கு ஒரு டாக்டரைப் பார்த்திருந்தேன். அவரும் ஆபரேஷன் என்றுதான் சொன்னார். இவரும் அதையே சொல்கிறார். ஆனாலும் மூன்றாவதாக ஒருவர் சென்னையில் இருக்கிறாராம். இன்று காலை ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர்ட்ட ஒரே ஒரு வாரம் தள்ளி வெக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கட்டுமா? இன்னொருத்தர்ட்டயும் காட்டீட்டு..." என்று ஆரம்பித்தேன். கிருத்திகா என்னைப் பார்த்தாள்.

கலாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேசையைத் தன் பக்கம் இழுத்து, லேப்டாப்பைத் திறந்தாள். ஆன் ஆக பத்து நொடி. அந்தப் பத்து நொடியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தட்டினாள்.

"ஏனுங்க. போதுமுங்க. வாங்க போலாம்."

இது மட்டும் தடுக்கவில்லை. ராகம் மாறவில்லை. மூன்று பதிவிலும் இருந்த ஒரே வாக்கியம் இதுதான். அவளாகவே சொன்ன வாக்கியம். கடையில் எட்டடி தள்ளி நின்ற எனக்குக் கேட்காமல் போன அதே குரல், அதே மூச்சு. இந்த முறை கேட்டது.

ஃபைலை மூடிக் கிருத்திகாவிடம் கொடுத்தேன். கலாமணி செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஸ்டாப்வாட்சை என் கையில் திணித்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு தியேட்டர் கதவு வரை நடந்தோம். அதற்கு மேல் என்னை விடவில்லை.

ஸ்டாப்வாட்சை நான் அமுக்கவில்லை. எட்டே கால் மணிக்கு உள்ளே போனாள். லேப்டாப் மடியில் இருக்கிறது, மூடித்தான் வைத்திருக்கிறேன். அவள் வந்ததும் அவளே திறந்துகொள்வாள்.